காலுக்குக் காவல்

நர்ஸிங் படிக்கும்போது எங்களைக் கரிகிரிக்கு அனுப்பினார்கள். வேலூரிலிருந்து காட்பாடி தாண்டிப் போக வேண்டும். தொழுநோய் ஆஸ்பத்திரி என்று கேட்டதும் அம்மா, "வேற எடமே கெடைக்கலையா உங்க ஸ்கூலுக்கு?" என்றாள். நைனா ஒன்றும் சொல்லவில்லை. ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று, அவருடைய பாதமே பார்க்கிறவர் முகம் சுளிக்கும்படிதான் இருந்தது.

கரிகிரியில் முதல் பாடம், பாதத்தைப் பார்ப்பது. முக்காலியில் உட்கார்ந்து, நோயாளியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கால், விரல் இடுக்கு, குதிகால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். உள்ளே புண் உருவாகிற இடம், வெளியே தெரிவதற்கு முன்பே சுடும். "வலிக்குதா என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்குத் தெரியாது" என்பார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர். அன்று என் மடியில் கால் வைத்திருந்தவர் ஆணி ஏறிய செருப்போடு சந்தைக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஆணியைப் பிடுங்கும்போதும் எங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தார்.

பால் பிராண்ட் கதையெல்லாம் அங்கேதான் கேட்டேன். 1946-ல் வேலூர் சி.எம்.சிக்கு வந்த எலும்பு டாக்டர். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, விரலைத் தின்பது வலியில்லாமை என்று கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்தானாம். அப்புறம் பார்த்தால் விரலில் எலும்பு தெரிகிற அளவுக்குக் காயம். பையனுக்கு எதுவும் தெரியவில்லை. இரவில் தூங்கி எழுந்தால் விரல் நுனி காணாமல் போகிறதே என்று விழித்திருந்து பார்த்தால், எலி. வலி எழுப்பாத தூக்கத்தில் எலி வந்து கடித்துவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு பூனையோடு போனார்கள். மருந்துச் சீட்டோடு பூனையும் கொடுத்த ஆஸ்பத்திரி உலகத்தில் வேறு இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஒரு முறை லண்டனில், நீண்ட ரயில் பயணம் முடிந்து காலுறையைக் கழற்றிய பிராண்டுக்குத் தன் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று தோன்றியது. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார், வலித்தது. ரயிலில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்ன கதையைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

இந்தப் பாடம் எனக்கு உதவியது வேறொரு வார்டில். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் பல வருடம் இரவுப் பணி பார்த்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் வேலை நடக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் கால் உடைந்தவர்கள் வருவார்கள். டேனரித் தரை எப்போதும் ஈரம். கொழுப்பும் சுண்ணாம்பும் கலந்த வழுக்கல். தோலைச் சுழற்றும் மர டிரம்முகள் ஒரு பக்கம், சதை சீவும் மெஷின் ஒரு பக்கம், நனைந்த தோலை அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் இன்றும் படிக்கிறார்களாம். அந்தத் தரையில் வழுக்கி விழுகிறவனுக்காக யாராவது வழக்குப் போட்டிருந்தால் எங்கள் வார்டில் சில கட்டில்கள் காலியாக இருந்திருக்கும்.

டேனரி ஆட்களுக்கு வலி பழகிய விஷயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. குழியில் சல்ஃபைடு கூடிவிட்டால் நைனாவுக்குக் காலில் எரிச்சல்தான் முதலில் சொல்லும். ஏறி வந்து பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி இறங்குவார். எரிச்சல் பழகியிருந்தால் அவருக்குப் பாதமே மிஞ்சியிருக்காது.

இடுப்பு எலும்பு உடைந்த ஒரு பாய் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுபது தாண்டிய வயது. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்த வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உப்புப் போதாமல் கெட்ட இடம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். தொழுகைக்குக் கை கால் கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்திருந்தார். இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்ததால், முழு மயக்கம் கொடுத்தாலும் ஆபத்து, முதுகில் ஒரே ஊசியாகப் போட்டாலும் ஆபத்து.

ஒரே ஊசியில் என்ன ஆபத்து என்று மயக்க மருந்து மேடம் எங்களுக்கு விளக்கினார். முதுகில் மருந்து போட்டதும் இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும், பிரஷர் சட்டென்று இறங்கும். நல்ல இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். வழி சுருங்கிய இதயத்தால் அது முடியாது. அதனால் ஊசியைப் போட்டு எடுத்துவிடாமல், ஊசி வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தண்டுவட நீருக்குள்ளேயே விட்டு வைப்பது. அரை மில்லி கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, பிரஷரைப் பார்ப்பது, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். அறுவை நீண்டாலும் கவலையில்லை. முடிந்த பிறகும் அதே குழாயில் மருந்தை நீர்க்கக் கரைத்து மணிக்கு ஒரு மில்லி போல ஓடவிட்டால் வலி எட்டிப் பார்க்காது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் முள்ளெலும்போடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும் நீரில் மிதக்கும். ஊசி போவது அந்த இடத்தில். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள அந்த நீர், மொத்தமாகச் சேர்த்தாலும் சுமார் 150 மில்லிதான். ஆகவே அதில் விழுகிற மருந்தின் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு. பிரசவ வலிக்குப் போடுகிற எபிடியூரல் குழாயும் பார்வைக்கு இதேதான், ஆனால் அது தண்டுவட உறைக்கு வெளியே நிற்பது. அங்கே கொடுக்கிற அளவில் பத்தில் ஒரு பங்கு இங்கே போதும். குழாயை மாற்றி நினைத்து அந்த அளவை இதில் ஏற்றினால் மூச்சே நின்றுவிடும். அதனால் குழாயின் வாயில் சிவப்புப் பட்டை ஒட்டி, மேடம் தன் கையால் எழுதி, என்னை வாய்விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னார். பணி மாறும்போது வருகிறவளும் தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டும்.

மேடத்துக்குக் கதை சொல்ல வரும். இரவில் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு எங்கள் மேஜையில் டீயோடு உட்கார்ந்தால் பழைய கதை ஏதாவது வரும். ஜெர்மனியில் கீல் நகரத்தில் 1898 ஆகஸ்டில் ஆகஸ்ட் பியர் என்பவர், கணுக்கால் மூட்டில் காசநோய் வந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு முதுகில் கொக்கைன் செலுத்திக் காலில் அறுவை செய்தார். ஆக, இந்த வித்தை தொடங்கியதே கால் ஆபரேஷனில்தான். சில நாள் கழித்து இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, தன் உதவியாளர் ஹில்டெபிராண்டின் முதுகில் போட்டார். பிறகு முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் தட்டினார், சுருட்டால் சுட்டார். ஹில்டெபிராண்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு பேரும் சந்தோஷமாகச் சாப்பிட்டு ஒயின் குடித்தார்கள். மருந்து இறங்கியதும் உதவியாளருக்குக் கால் வலி தாங்கவில்லை, அடித்த இடமெல்லாம் கன்றியிருந்தது. தன் முதுகிலும் ஊசி போடவைத்துப் பார்த்த பியர், தலைவலியால் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார். தண்டுவட நீர் கசிந்தால் வருகிற தலைவலி அது.

மற்றவர்கள் சிரித்தபோது எனக்குக் கரிகிரி ஞாபகம் வந்தது. வலி தெரியாத காலில் சுத்தியலும் ஒன்றுதான், செருப்பில் ஏறிய ஆணியும் ஒன்றுதான்.

குழாய்க் கதை இன்னும் பின்னால் வருகிறது. 1940-ல் ஃபிலடெல்ஃபியாவில் லெம்மன் என்பவர் வளையக்கூடிய ஊசியை முதுகிலேயே விட்டுவைத்து, அது அழுந்தாமலிருக்க நடுவில் இடைவெளி விட்ட மெத்தையில் நோயாளியைப் படுக்கவைத்தார். சில வருடம் கழித்து டூஹி என்பவர் ஊசிக்குப் பதிலாக மெல்லிய குழாயை விட்டார். இன்றும் அந்த வளைந்த முனை ஊசிக்கு டூஹி பேர்தான். தலைவலியைத் தவிர்க்க 1980-களின் இறுதியில் மயிரிழைக் குழாய்கள் வந்தன. அதில் மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஊசியில் போட்டால் பரவுகிற கனமான லிடோகைன், சர்க்கரைப் பாகு தண்ணீரின் அடியில் தங்குவது போல ஒரே இடத்தில் தேங்கியது. மரப்பு மேலே ஏறவில்லையே என்று டாக்டர்கள் இன்னும் இன்னும் கொடுத்தார்கள். சிலருக்கு அடி நரம்புகளே செயலிழந்தன, சிறுநீர் மலத்தின் கட்டுப்பாடு போனது. 1992-ல் அமெரிக்க அரசு அந்த மெல்லிய குழாய்களை விலக்கியது. "ஏறலைன்னா ஏன் ஏறலைன்னு யோசிக்கணும், மேல மேல ஊத்தக் கூடாது" என்பார் மேடம். எங்களிடம் இருந்தது எபிடியூரலுக்கான தடித்த குழாய், மருந்து பியூபிவகைன். தடித்த ஊசி என்றால் இளைஞர்களுக்குத் தலைவலி அதிகம் வரும், வயதானவர்களுக்குக் குறைவு. பாய்க்கு வயதே அனுகூலமாயிற்று.

ஆபரேஷன் முடிந்து அவரை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மாலை. முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய குழாய் தோள் வழியாக வந்து சிரிஞ்ச் பம்ப்பில் முடிந்தது. பிரஷர், மூச்சின் எண்ணிக்கை, மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று மணிக்கு மணி எழுத வேண்டும். மரப்பைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் இல்லை. ஸ்பிரிட் பஞ்சைத் தொடையிலிருந்து மேலே மேலே தொட்டுக்கொண்டே போய், "சில்லுன்னு இருக்கா பாய்?" என்று கேட்பதுதான். "இங்க இல்ல... இங்க இல்ல... ஆங், இங்க சில்லுன்னு." தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே. அந்த எல்லை மார்புக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது விரலை ஆட்டச் சொல்வது. முதல் இரண்டு மணி நேரம் ஆடவில்லை.

பாய்க்கு வலி துளியும் இல்லை. அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது. போர்வைக்கு மேலே கையை வைத்துத் தன் தொடையைத் தடவிப் பார்த்தார். ஆயுசு முழுக்கத் தோலைத் தடவி விலை சொன்ன கை. "கைக்குத் தெரியுது சிஸ்டர், காலுக்குத் தெரியல. யாரோ ஒருத்தர் காலைத் தொடுற மாதிரி இருக்கு" என்றார்.

நான் கரிகிரிக்காரியாக மாறியது அப்போதுதான். மரத்த கால் தன் பாரத்தை அறியாது. குதிகால் மெத்தையில் அழுந்திக்கொண்டேயிருந்தாலும் நகரு என்று யாரும் சொல்வதில்லை. சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து, மறுநாள் கொப்புளமாகி, அப்புறம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலைத் தூக்கிவைத்தேன். ஒவ்வொரு முறையும் போர்வையை விலக்கிப் பார்த்தேன், புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். சக நர்ஸ் ஒருத்தி, "பம்ப்பைப் பார்க்கச் சொன்னா நீ பாதத்தைப் பார்க்கறே" என்று கேலி செய்தாள்.

நள்ளிரவு தாண்டி மருமகள் வெந்நீர்ப் பையோடு வந்தாள். டீக்கடையில் கேட்டு வாங்கி நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். "மாமா கால் ஐஸ் மாதிரி இருக்கு சிஸ்டர், ஒத்தடம் குடுக்கட்டா?" பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கையைப் பிடித்துவிட்டேன். அந்தப் பையை அவள் கன்னத்தில் வைத்துக் காட்டினேன், துள்ளிப் பின்வாங்கினாள். "இப்ப நீ துள்ளினே இல்ல? மாமாவுக்கு அது வராது. தோல் உரிஞ்சாலும் சிரிச்சிக்கினு கெடப்பாரு." பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் அவர் பாதத்தை மூடினாள். அதற்குப் பிறகு நான் வருவதற்கு முன்பே போர்வையை விலக்கி எனக்காகக் காத்திருப்பாள். விடிவதற்குள் குதிகாலில் சிவப்பைப் பார்க்க அவளுக்கே தெரிந்துவிட்டது.

அந்த வாரமே பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். டேனரியில் வண்டி கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. பாயின் கட்டிலைப் பார்த்துவிட்டு அவன் அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டான். "அந்தப் பெரியவருக்கு முதுகுல குழா வெச்சி வலியே இல்லாம பண்ணியிருக்கீங்க. என் தம்பி கத்திக்கினு கெடக்கறான். துட்டு வேணும்னா சொல்லுங்க." துட்டு விஷயமே இல்லை. குழாய் வைக்க வேண்டாம் என்று எலும்பு டாக்டரும் மேடமும் சேர்ந்தே முடிவெடுத்திருந்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டி வீங்கினால், இடமில்லாமல் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்றுவிடும். பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கும், பார்வைக்குக் கால் நன்றாகவே இருக்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாண்டினால் தசை செத்துவிடும். அதை முதலில் சொல்வது வலிதான். காயத்துக்குப் பொருத்தமில்லாத வலி, கால் விரலை நாம் மெல்ல நீட்டினால் உயிர் போகிற வலி. மரத்த காலில் அந்தக் குரல் கேட்காது. அளவாகக் கொடுத்தால் ஆபத்தான வலி மருந்தையும் மீறி வரும் என்று சொல்கிற மயக்க டாக்டர்களும் உண்டு, அந்த வாதம் இன்னும் முடியவில்லை. அன்று இரவில் அழுத்தம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. இருந்தது அவன் கத்தல்தான். நான் மேடத்தின் பக்கம்.

மாத்திரையும் ஊசியும் கொடுத்தும் பத்து மணிக்கு மேல் அவன் கத்தல் வேறு மாதிரி ஆயிற்று. கட்டைவிரலைத் தொட்டு நீட்டினேன், கட்டிலே அதிர்ந்தது. கெண்டைக்கால் கல்லாக இருந்தது. போன் செய்தேன். டாக்டர் வந்து பார்த்த உடனேயே தியேட்டருக்குக் கொண்டுபோய் உறைகளைக் கீறிவிட்டார்கள். திறந்த காயத்தோடு பல நாள் கிடந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டி, பிறகு நடந்து வீட்டுக்குப் போனான். அண்ணன் போகும்போது ஆம்பூர் பிரியாணி வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான், கத்திரிக்காய் தொக்கோடு. சண்டைக்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பிரியாணி நன்றாயிருந்தது.

பாய்க்கு ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் வேறு சிக்கல். எழுந்து நிற்க வைக்க வேண்டும் என்று பிசியோதெரபி தம்பி வந்து நின்றார். வலியில்லாமல் நிற்க வேண்டும் என்றால் மருந்து ஓட வேண்டும், மருந்து ஓடினால் முழங்கால் மடங்கும். மேடம் பம்ப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் விரல் ஆடியது, கணுக்கால் ஆடியது, முழங்கால் மடங்கி நீண்டது, கூடவே வலியும் வந்தது. "அல்லா!" என்று பல்லைக் கடித்தவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு அடி. முகமெல்லாம் வேர்வை. "தாங்கற வலிதான் சிஸ்டர், கால் நம்மகிட்ட வந்துடுச்சு" என்றார். இரவுக்கு மறுபடி கொஞ்சம் ஓடவிட்டு, அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். முனை முழுசாக வந்திருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவலி இருக்கிறதா என்று கேட்டால், மருமகள் பேசுவதால் வருகிற தலைவலிதான் என்றார்.

இப்போது அல்ட்ராசவுண்ட் வைத்து நரம்பைத் திரையில் பார்த்தே, வேண்டிய நரம்பை மட்டும் மரக்கவைக்கிறார்கள். முதுகுக் குழாய், பாய் மாதிரி இதயம் கெட்டவர்களுக்கு எப்போதாவதுதான். இப்போது நோயால் மரத்துப்போகிற பாதங்கள் தொழுநோயாளிகளுடையதைவிடச் சர்க்கரைக்காரர்களுடையவைதான் அதிகம். தொழுநோயாளிகளின் பாதத்துக்காகக் கரிகிரியில் செய்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் அவர்களுக்கும் எழுதித் தருகிறார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஆம்பூரில் அந்தச் செருப்பு கேட்டால் நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வார்டின் மணிவாரிப் படிவத்தில் பிரஷர், மூச்சு, மரப்பு, விரல் அசைவு என்று கட்டங்கள் இருந்தன. பாய் வந்த இரவில் ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குதிகால் என்று எழுதி ஒரு கட்டம் சேர்த்தேன். அச்சடித்த படிவத்தில் கோடு போடக் கூடாது என்று ரெக்கார்டு அறையிலிருந்து ஆள் வந்தார். மேடம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, என் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த தாள்களில் எல்லாம் நாங்களே கோடு போட்டுக்கொண்டோம். படிவம் அடுத்த முறை அச்சாகி வந்தபோது அந்தக் கட்டம் அதில் இருந்தது, ஆனால் மிகவும் சின்னதாகப் போட்டிருந்தார்கள். "இல்லை" என்று எழுதவே இடம் போதவில்லை.